இசை ஒலிக்காத இசை விளையாட்டு: 1980களின் வீட்டுக் கணினியை வரலாற்று ஆவணமாக வாசித்தல்

1984ஆம் ஆண்டு இங்கிலாந்தின் விர்ஜின் கேம்ஸ் நிறுவனம் ‘தி பிஸ்’ என்னும் கணினி விளையாட்டை ஒரு கேசட்டில் வெளியிட்டது. இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினிக்காக எழுதப்பட்டது அது. தலைப்பிலுள்ள சொல் ‘பிசினஸ்’ என்பதன் பேச்சுவழக்குக் குறுக்கம். பாட்டுத்தொழிலில் இருப்போர் தம் தொழிலை அவ்வாறே குறிப்பிடுவர். விளையாடுபவர் பெயர்பெறாத இசைக்குழு ஒன்றின் பொறுப்பை ஏற்கிறார். கச்சேரி, ஒலிப்பதிவு, கையிருப்புப் பணம் ஆகியவற்றைச் சமாளித்து, அக்குழுவின் பாட்டை விற்பனைத் தரவரிசையின் முதலிடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இவ்வளவுக்கும் அவர் ஒரு சுரத்தைக்கூடத் தாமே வாசிப்பதில்லை. இதை எழுதியவரோ தொழில்முறைப் பாடகர்: மான்செஸ்டர் நகரத்து ‘தி ஃப்ரெஷீஸ்’ குழுவின் தலைவர் கிறிஸ் சீவி.

பாடகர் ஒருவர் இசையைப் பற்றி ஒரு விளையாட்டு செய்யும்போது அதில் இசை ஏன் இல்லாமற்போயிற்று? இக்கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இதற்கு விடை தேடும் வழியில், கணினி விளையாட்டை வரலாற்று மூலமாகக் கொள்ள முடியுமா, கொள்வதாயின் எப்படி வாசிப்பது என்ற முறையியல் சிக்கலை எதிர்கொண்டே ஆகவேண்டும். பண்பாட்டு வரலாறு பயிலும் மாணவர்களுக்கு அது பயன்படும் என்பதால் இதனைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கலைச்சொல். அரிஸ்டாட்டிலின் கலைக்கொள்கையை விளக்கத் தமிழ்த் திறனாய்வில் ‘போலச்செய்தல்’ என்ற சொல்லைக் கையாள்கிறோம். கணினித் துறையில் சிமுலேஷன் எனப்படுவதற்கும் இச்சொல் நன்கு பொருந்துகிறது. போலச்செய்யும் எதுவும் முழுவதையும் செய்துகாட்டுவதில்லை. சிலவற்றைக் கொள்ளும், சிலவற்றைத் தள்ளும். கவிதையிலும் நாடகத்திலும் அந்தத் தேர்வைப் படைப்பாளியின் நோக்காகக் கருதி ஆராய்கிறோம். விளையாட்டின் விதிகளையும் அவ்வாறே ஆராயலாம் என்பது என் நிலைப்பாடு. ‘இது நடந்தால் அது நடக்கும்’ என்று நிரலில் எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும், உலகம் எப்படி இயங்குகிறது என்பது பற்றி அதை எழுதியவர் முன்வைக்கும் கூற்று.

1. இயந்திரத்தின் எல்லை

இசை இல்லாமைக்கு எளிதில் சொல்லக்கூடிய விடை, இயந்திரத்தால் முடியவில்லை என்பது. அதில் உண்மை உண்டு. சிங்கிளேர் நிறுவனம் 1982 ஏப்ரலில் ஸ்பெக்ட்ரமை அறிமுகப்படுத்தியபோது 16 கிலோபைட் நினைவகம் கொண்டது 125 பவுண்டுக்கும், 48 கிலோபைட் கொண்டது 175 பவுண்டுக்கும் விற்கப்பட்டன. தொலைக்காட்சிப் பெட்டியே திரை. சாதாரண கேசட் ரெக்கார்டரே சேமிப்பகம். ஒலிக்கென்று தனிச் சில்லு கிடையாது. உள்ளே ஒரு சிறு ஒலிபெருக்கி மட்டும் இருந்தது. செயலி அதை ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டு நிலைகளுக்கிடையே மாற்றி மாற்றித் தட்டும்போது ஒலி பிறக்கும். பேசிக் மொழியில் அதற்கு ‘பீப்’ என்று ஒரு கட்டளை. அதற்கு இரண்டு எண்களைத் தரவேண்டும்: முதலாவது நொடிக் கணக்கில் கால அளவு, இரண்டாவது நடு ‘சி’யிலிருந்து எத்தனை அரைச்சுரம் மேலே அல்லது கீழே என்பது. அந்த ஒலி முடியும்வரை நிரலின் அடுத்த வரி காத்திருக்கும். பாட்டும் ஆட்டமும் ஒருசேர நிகழ்வது பேசிக்கில் எழுதுவோர்க்கு எளிதன்று.

எனினும் இந்த விடை போதாது. அதே ஒற்றை ஒலிபெருக்கியிலிருந்து பல குரல்கள் ஒருங்கே ஒலிப்பதுபோன்ற இசையை டிம் ஃபாலின் என்ற இளைஞர் 1986, 1987 ஆண்டுகளில் எழுதிக் காட்டினார். அதே காலத்து கமடோர் 64 கணினியில் மூன்று குரல் கொண்ட ‘சிட்’ ஒலிச்சில்லு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக் கணினியில் இசையமைப்பதையே விளையாட்டுப்போல் ஆக்கிய படைப்பு ஒன்று அமெரிக்காவில் ஏற்கெனவே இருந்தது. வில் ஹார்வி என்ற கலிஃபோர்னிய மாணவர் தம் பதினைந்தாம் வயதில் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதிய ‘மியூசிக் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்’ அது. தாம் செய்த முதல் விளையாட்டுக்கு இசை சேர்க்க ஒரு கருவி வேண்டியிருந்ததால் அவர் அதை உருவாக்கினார். எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1983-84 அளவில் அதை வெளியிட்டது. திரையில் ஐந்து கோடுகள் கொண்ட ஐரோப்பிய இசைத்தாள் தெரியும். கை வடிவக் குறி ஒன்றால் சுரக்குறிகளை எடுத்து அதில் வைக்கலாம். வைத்தபின் கணினி அதை வாசித்துக் காட்டும். பிழையானால் குறியை எடுத்து எறிந்துவிடலாம். காகிதத்தில் இசை எழுதத் தெரியாத ஒரு சிறுவனும் தவறு செய்து செய்தே கற்றுக்கொள்ள அது வழிசெய்தது.

ஆக, 1984இல் இரண்டு வழிகள் திறந்திருந்தன. ஹார்வியின் வழியில் சுரங்கள் இருந்தன, சந்தை இல்லை. சீவியின் வழியில் சந்தை இருந்தது, சுரங்கள் இல்லை. இயந்திரம் இந்தத் தேர்வை எளிதாக்கியிருக்கலாம்; அதைக் கட்டாயமாக்கவில்லை.

2. வகைமையின் மரபு

இரண்டாவது விடை இலக்கிய மாணவர்களுக்குப் பழக்கமானது: ஆசிரியர் எதையும் வெற்றிடத்திலிருந்து எழுதுவதில்லை, வகைமையின் வாய்பாடு அவருக்கு முன்பே நிற்கிறது. கெவின் டாம்ஸ் எழுதிய ‘ஃபுட்பால் மேனேஜர்’ 1982இல் வெளிவந்தது. அதில் விளையாடுபவர் பந்தை உதைப்பதில்லை. ஆட்டக்காரர்களை வாங்கி, விற்று, அணியை அமைத்து, முடிவுக்குக் காத்திருக்கிறார். எண்கள், பட்டியல்கள், தற்செயல், வாரவாரம் மாறும் புள்ளிப்பட்டியல் ஆகியவையே அதன் உறுப்புகள். கால்பந்துப் புள்ளிப்பட்டியலின் இடத்தில் பாட்டுத் தரவரிசையை வைத்தால் இசைக்குழு நிர்வாக விளையாட்டு கிடைத்துவிடும். பழைய பாட்டுகளைத் தொகுத்து விற்றுப் புகழ்பெற்ற கே-டெல் நிறுவனமே 1983இல் இத்தகைய விளையாட்டொன்றை ஸ்பெக்ட்ரமுக்கு வெளியிட்டது.

1988இல் கோட்மாஸ்டர்ஸ் வெளியிட்ட ‘ராக் ஸ்டார் ஏட் மை ஹேம்ஸ்டர்’ இவ்வகைமையின் அங்கத வடிவம். அதன் தலைப்பு, 1986 மார்ச்சில் ‘தி சன்’ நாளிதழ் ஒரு நகைச்சுவை நடிகரைப் பற்றி முதற்பக்கத்தில் வெளியிட்ட பெயர்போன பரபரப்புத் தலைப்பைக் கேலி செய்கிறது. உண்மைப் பாடகர்களின் பெயர்களைத் திரித்து வைத்த பாத்திரங்களைக் கூலிக்கு அமர்த்தி, ஒத்திகை, சுற்றுப்பயணம், விளம்பரத் தந்திரம் என்று ஓராண்டு ஓட்டித் தங்கத் தட்டுகளை வெல்ல வேண்டும். இங்கே பாட்டின் தரத்தைவிடச் செய்தித்தாளில் பெயர் அடிபடுவது முக்கியமான காரணியாகிறது. இந்நிலையில் சீவியின் விளையாட்டில் இசை இல்லாமை அவருடைய தனிக்கூற்று என்று உடனே முடிவுசெய்வது பிழையாகும். வகைமை தந்தது எது, ஆசிரியர் தந்தது எது என்று பிரித்தறிய, வாய்பாட்டுக்கு வெளியே உள்ள சான்றுகள் வேண்டும்.

3. ஆசிரியரின் தொழில் வாழ்க்கை

அச்சான்றுகள் சீவியின் வாழ்க்கையில் கிடைக்கின்றன. 1955இல் பிறந்தவர். 1971இல் பதின்பருவத்தில் தம் சகோதரருடன், வழியில் போகும் வண்டிகளில் இடம் கேட்டு லண்டன் சென்று, பீட்டில்ஸ் குழுவினரின் ஆப்பிள் நிறுவன அலுவலகத்தில் உட்கார்ந்து போராடி ஒலிப்பதிவு வாய்ப்புப் பெற்றவர். பின்னர் ‘ராஸ்’ என்ற பெயரில் சொந்த வெளியீட்டு அமைப்பு வைத்துத் தம் பாட்டுகளைத் தாமே வெளியிட்டார். மான்செஸ்டரில் இதற்கு முன்மாதிரி இருந்தது: பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில் கடன் வாங்கிய 500 பவுண்டில் தம் முதல் இசைத்தட்டைத் தாமே வெளியிட்டிருந்தது. பெரிய நிறுவனத்தின் அங்கீகாரத்துக்குக் காத்திராமல் செய்துவிடலாம் என்ற நம்பிக்கை அந்நகரத்து இளைஞர்களிடையே பரவியிருந்தது.

ஃப்ரெஷீஸ் குழுவுக்குக் கிட்டிய ஒரே குறிப்பிடத்தக்க வெற்றி, மான்செஸ்டர் விர்ஜின் மெகாஸ்டோரின் கல்லாவில் அமர்ந்திருக்கும் பெண்மீது காதல் என்று பொருள்படும் நீண்ட தலைப்புக் கொண்ட பாட்டு. 1981இல் அது மறுவெளியீடு கண்டபோது கடையின் பெயர் நீக்கப்பட்டு, ‘ஒரு குறிப்பிட்ட’ மெகாஸ்டோர் என்று தலைப்பு மாறியது. தரவரிசையில் அது எட்டிய உயரம் 54ஆம் இடம். மூன்று ஆண்டுகள் கழித்து, அதே விர்ஜின் குழுமத்தின் விளையாட்டுப் பிரிவுதான் ‘தி பிஸ்’ஸை வெளியிட்டது. தரவரிசையின் முதலிடத்தை அடைவதே இலக்கு என்று விதி எழுதியவர், 54ஆம் இடம்வரை மட்டுமே சென்று திரும்பியவர் என்பதை மனத்தில் இருத்தி அவ்விளையாட்டை வாசிக்க வேண்டும்.

விளையாட்டுக்கு முந்தைய முயற்சியொன்று இன்னும் நுட்பமானது. 1983இல் சீவி ‘கமஃப்ளாஜ்’ என்ற தனிப்பாட்டை ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் வழியாக வெளியிட்டார். இசைத்தட்டின் மறுபக்கத்தில் பாட்டுக்குப் பதிலாக இசட்எக்ஸ்81 கணினிக்கான நிரல்கள் ஒலிவடிவில் பதிக்கப்பட்டிருந்தன. கேட்பவர் அதைக் கேசட்டில் பதிவுசெய்து கணினியில் ஏற்றவேண்டும். அவற்றுள் ஒன்று சிறு விளையாட்டு. மற்றொன்று பாட்டு ஓடும்போது உடன் ஓடவேண்டிய திரைக்காட்சி. இசட்எக்ஸ்81 ஒலியெழுப்பும் வசதியே இல்லாத கணினி. எனவே பாட்டு தட்டிலிருந்தும் படம் கணினியிலிருந்தும் வரவேண்டும். இரண்டையும் ஒத்துத் தொடங்குவது கேட்பவரின் கைத்திறன். எம்.டி.வி. தொடங்கி ஈராண்டே ஆகியிருந்த அந்நாளில், காணொளி எடுக்கப் பெரும்பணம் தேவைப்பட்ட சூழலில், பணமில்லாத பாடகர் ஒருவர் கண்டுபிடித்த மாற்று இது. பஸ்காக்ஸ் குழுவில் இருந்த பீட் ஷெல்லியும் அதே ஆண்டு தம் ‘எக்ஸ்எல்1’ தொகுப்பின் இறுதியில் ஸ்பெக்ட்ரமுக்கான இத்தகைய நிரலொன்றைச் சேர்த்தார்.

இவற்றை வைத்துப் பார்க்கும்போது ஒரு முடிவுக்கு வரலாம். கணினியையும் இசையையும் இணைக்கத் தெரியாததால் சீவி இசையை விட்டுவிடவில்லை. அந்த இணைப்பில் அவர் முன்னோடிகளுள் ஒருவர். ‘தி பிஸ்’ கேசட்டிலும் விளையாட்டோடு அவர் பாட்டுகளைச் சேர்த்திருந்தார். ஆகவே விளையாட்டின் விதிகளுக்குள் பாட்டு இல்லாமை, பாட்டு வெற்றியைத் தீர்மானிப்பதில்லை என்று தொழில் அவருக்குக் கற்பித்த பாடத்தின் பதிவாகவே எனக்குப் படுகிறது.

4. எண்ணாகிவிட்ட இசை

இதற்குச் சமகாலச் சூழலும் துணைநிற்கிறது. பிரித்தானியப் பாட்டுத் தரவரிசையைத் தொகுக்கும் பணி 1983 ஜனவரியில் கேலப் நிறுவனத்துக்கு மாறியது. கடைக்காரர்கள் கையால் குறித்தனுப்பிய நாட்குறிப்புகளின் இடத்தைக் கணினி வழித் தரவுத் திரட்டல் படிப்படியாகப் பிடித்தது. தரவரிசையை உயர்த்தக் கடைகளுக்குக் கையூட்டுத் தரப்படுகிறது என்று கிரானடா தொலைக்காட்சியின் ‘வேர்ல்ட் இன் ஆக்‌ஷன்’ நிகழ்ச்சி 1980இல் அம்பலப்படுத்தியிருந்தது. இசையின் மதிப்பு என்பது கணினியால் கூட்டப்படும் எண், அந்த எண்ணையும் வளைக்கலாம் என்பது பொதுவெளியில் தெரிந்த செய்தியாகிவிட்டது. வீட்டுக் கணினியில் போலச்செய்வதற்கு இதைவிட வசதியான பொருள் கிடையாது. தொழிலே தன்னைப் பாதியளவு நிரலாக மாற்றிக்கொண்டிருந்தது.

மறுபுறம், பிரிட்டனில் வேலையற்றோர் எண்ணிக்கை 1982இல் 30 லட்சத்தைத் தாண்டியது. வேலையற்றோர் சொந்தத் தொழில் தொடங்கினால் வாரம் 40 பவுண்டு தரும் அரசுத் திட்டம் 1983இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. கையில் 1000 பவுண்டு முதல் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் போன்ற சுயேச்சை இசை நிறுவனங்கள் இத்திட்டத்தின் துணையோடு எழுந்தவை. இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கும் இளைஞரை ‘தொழில்முனைவோர்’ என்று அரசே பெயரிட்டழைத்த காலம் அது. வரவுசெலவைச் சமாளிப்பவரே இசைக்கலைஞர் என்று சொல்லும் விளையாட்டும், அப்படியே சொல்லும் அரசுப் படிவமும் ஒரே ஆண்டுகளில் தோன்றியவை.

இத்தகைய விளையாட்டுகளில் தற்செயலுக்குள்ள இடத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். ஸ்பெக்ட்ரமின் பேசிக் மொழி, முந்தைய எண்ணை 75ஆல் பெருக்கி 65537ஆல் வகுத்த மீதியைக் கொண்டு அடுத்த ‘தற்செயல்’ எண்ணை உண்டாக்கியது. 65536 எண்களுக்குப் பிறகு அதே வரிசை மீண்டும் வரும். விளையாடுபவருக்கு அதிர்ஷ்டமாகத் தெரிவது உள்ளே கறாரான கணக்கு. பாட்டுத்தொழிலின் வெளியே நின்று தரவரிசையைப் பார்த்த இளம் கலைஞருக்கும் நிலைமை ஏறத்தாழ இதுவே: உள்ளே ஏதோ கணக்கு இருக்கிறது, வெளியிலிருந்து பார்க்க அது தலைவிதிபோல் இருக்கிறது.

5. எதைக் காப்பாற்றுகிறோம்?

இவ்வாறு வாசிக்க வேண்டுமானால் மூலம் முழுமையாகக் கிடைக்கவேண்டும். சிங்கிளேரின் கணினித் தொழிலை 1986இல் ஐம்பது லட்சம் பவுண்டுக்கு வாங்கிய ஆம்ஸ்ட்ராட் நிறுவனம், பின்னாளில் அக்கணினியின் உள்நிரலை எமுலேட்டர்களில் பயன்படுத்த அனுமதித்தது. அதனாலும் ஆர்வலர்களின் உழைப்பாலும் ஆயிரக்கணக்கான ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகள் இன்று இணையத்தில் இயங்குகின்றன. இதன் மதிப்பைக் குறைத்துச் சொல்லமுடியாது. ஆனால் அக்கோப்புகளின் வடிவங்களுள் சில, ஒரு நொடியில் கணினியின் நினைவகம் இருந்த நிலையை மட்டும் பதிவு செய்பவை. அதில் நிரல் இருக்கும். கேசட்டில் உடனிருந்த பாட்டுக்கு இடமே இல்லை. உறையின் படமும் குறிப்பும் தனியே யாராவது வருடி ஏற்றினால்தான் உண்டு. எதிர்த்திசையிலும் இதே இழப்பு நேர்கிறது. இசைத்தட்டைச் சேகரிப்போர் ‘கமஃப்ளாஜ்’ பாட்டைக் காப்பாற்றுவர். மறுபக்கத்தின் கீச்சொலி அவர்களுக்கு இரைச்சல். பாட்டு ஒரு காப்பகத்துக்கும் நிரல் வேறொரு காப்பகத்துக்கும் போய்விட்டால், அவ்விரண்டையும் ஒரே காந்த நாடாவில் வைத்துச் சிந்தித்த மனிதரின் செயல் எந்தக் காப்பகத்திலும் எஞ்சாது.

இது இங்கிலாந்தின் சிக்கல் மட்டுமன்று. புனேயைச் சேர்ந்த டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று ‘டிபி ஸ்பெக்ட்ரம்’ என்ற பெயரில் இதே கணினியை 1980களின் பிற்பகுதியில் இந்தியாவில் விற்றது. இந்திய இசை வரலாற்றில் கேசட்டுக்குரிய இடத்தை பீட்டர் மானுவல் 1993இல் வெளியான ‘கேசட் கல்ச்சர்’ நூலில் வட இந்தியாவை முன்வைத்து விரிவாக ஆராய்ந்தார். அதே கேசட் நம் வீடுகளில் நிரல்களையும் சுமந்தது என்ற பக்கம் ஆய்வாளர்களுக்காகக் காத்திருக்கிறது. முனைவர்பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள், அக்கணினியைப் பயன்படுத்திய தலைமுறை நம்மிடையே இருக்கும்போதே வாய்மொழி வரலாறாக இதைத் தொடங்கலாம். யாரிடமேனும் பழைய கேசட்டுகள் இருந்தால் இரண்டு பக்கங்களையும் உறையோடு சேர்த்துப் பதிவுசெய்யுங்கள். எது தரவு, எது பாட்டு என்று பிரிக்கும் வேலையைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

சீவியின் பிற்காலத்தையும் சொல்லி முடிக்கிறேன். காகிதக்கூழால் செய்த பெரிய தலையை அணிந்து ஃப்ராங்க் சைட்பாட்டம் என்ற நகைச்சுவைப் பாத்திரமாக அவர் வட இங்கிலாந்து முழுவதும் அறியப்பட்டார். தொடக்கத்தில் அப்பாத்திரம் ஃப்ரெஷீஸ் குழுவின் தீவிர ரசிகனாகவே கற்பனை செய்யப்பட்டது. கலைஞனைவிட அவனுடைய ரசிகன் புகழ்பெற்றுவிட்டான். 2010 ஜூனில் சீவி புற்றுநோயால் இறந்தபோது, இறுதிச் சடங்கை அரசுச் செலவில் நடத்தவேண்டிய நிலை இருந்தது. செய்தி பரவியதும் ரசிகர்கள் இணையத்தின் வழியே நிதி திரட்டி அதை நடத்திவைத்தனர். ‘தி பிஸ்’ விதிகளின்படி கையிருப்பு, தரவரிசை என்ற இரண்டு எண்களுமே அவரைத் தோற்றவராகக் காட்டும். அவருக்காகப் பணம் அனுப்பியவர்களைக் கணக்கில் கொள்ள அந்த விதிகளில் ஒரு மாறியும் இல்லை. தாம் எழுதிய போலச்செய்தல் எதைத் தள்ளிவிட்டது என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்றாகிறது. ஆவணத்தையும் அதை எழுதியவர் வாழ்வையும் அருகருகே வைத்து வாசிக்க வேண்டும் என்று மாணவர்களுக்கு நாம் சொல்வது இதற்காகத்தான்.